வாசல் மண்ணைக் காப்போம்: விதை போட்டுப் புல் வளர்க்கும் முறை



தேயிலை மலையில் மண்ணைக் காப்பாற்ற நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! கான் வெட்டுகிறோம், கல் அணை கட்டுகிறோம். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன்னால் ஒன்றரை வருசம், இரண்டு வருசம் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு மண்ணைத் தேற்றுகிறோம். மண் போனால் தேயிலை போகும், தேயிலை போனால் நம்ம பிழைப்புப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், நம்ம வாசல் மண் மட்டும் மழைக்கு மழை பணிய ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தப் பாடத்தில் வீட்டு வாசலிலும் பிள்ளை மடுவத்து முற்றத்திலும் விதை போட்டுப் புல் வளர்ப்பது எப்படி என்று படிப்போம். இது பங்களா வாசலுக்கு மட்டும் உரிய வேலை இல்லை. பெரிய செலவும் இல்லை. ஒரு மம்பட்டி, ஒரு முள்ளு, கொஞ்சம் விதை, இரண்டு மாதப் பொறுமை இருந்தால் போதும்.

1. புல் எதற்கு?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 20 அடி அகலம், 50 அடி நீளமுள்ள ஒரு முற்றம் 1000 சதுர அடி. ஒரு மழைக்காலத்தில் அந்த முற்றத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் மண் மட்டும் கரைந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் என்றால் நகத்தின் தடிப்புக்கு மேல் கொஞ்சம்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அள்ளி நிறுத்துப் பார்த்தால் 100 கிலோவுக்கு மேல் வரும். அதாவது இரண்டு சிமெந்து மூட்டை நிறை! அவ்வளவு மண்ணும் கானை அடைக்கிறது, இல்லாவிட்டால் பணிய லயத்து வீட்டுக்குள் போகிறது.

புதிதாகத் தனிவீடு கட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். 7 பேர்ச் காணி என்பது ஏறக்குறைய 1900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போனால் மிச்சமெல்லாம் வெட்டிய பச்சை மண். மலையை வெட்டி மட்டம் செய்யும்போது கறுப்பான மேல் மண் பள்ளத்துக்குத் தள்ளப்படுகிறது. சிவப்பான அடி மண்தான் மேலே வருகிறது. அதில் சத்தும் இல்லை, பிடிப்பும் இல்லை. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் முதலில் ஒரு கோடு விழும். அடுத்த வருசம் அது பள்ளமாகும். அதற்கு அடுத்த வருசம் அத்திவாரக் கல் வெளியே தெரியும். ஆயுசு முழுக்கக் காத்திருந்து கிடைத்த வீடு, காலடி மண் போய் வெடிப்பதை நாம் பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

புல் செய்யும் வேலை இரண்டு. மழைத்துளி மண்ணில் நேரே அடிக்காமல் இலை தாங்கிக்கொள்கிறது. ஓடும் தண்ணீரின் வேகத்தைத் தண்டும் வேரும் தடுக்கின்றன. இது போக, வெயில் காலத்தில் புழுதி குறையும், மழைக்காலத்தில் சேறு வீட்டுக்குள் வராது, தவழும் பிள்ளை மண்ணில் புரளாது.

ஒன்றை மறக்கக் கூடாது. புல் இருந்தால் கொக்கிப்புழு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மலசலகூடத்தைப் பாவிப்பதும், பிள்ளைகள் காலில் செருப்பு போடுவதும்தான் கொக்கிப்புழுவைத் தடுக்கும்.

2. எந்தப் புல்லைப் போடலாம்?

நம்ம மலைப் பக்கத்துக்குப் பொருத்தமானது, பாதையோரத்திலும் பாடசாலைத் திடலிலும் தானாகப் படர்ந்திருக்கும் அகல இலைப் புல். இலை கிட்டத்தட்ட சுண்டுவிரல் அகலம் இருக்கும். நிலத்தோடு தட்டையாகப் படியும். தண்டு தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். பூத்தண்டு மெலிந்து உயர்ந்து, உச்சியில் இரண்டு மூன்று விரலாகப் பிரியும். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்ணே இதற்கும் போதும். சுண்ணாம்போ டொலமைற்றோ போட வேண்டியதில்லை. பாதி நிழலிலும் வளரும்.

பசறை, வெல்லவாயப் பக்கம் வெயில் கூடிய தாழ்வான இடங்களுக்கு அறுகம்புல் நல்லது. காய்ச்சலைத் தாங்கும். ஆனால் நிழலில் வராது.

போடக் கூடாத புல்லும் இருக்கிறது. நிலத்துக்கு அடியில் இஞ்சி மாதிரிக் கிழங்கு ஓடும் புல்லை வாசலுக்குக் கொண்டு வராதீர்கள். ஒரு துண்டு தேயிலைக்குள் போனால் முள்ளுப் போட்டுத் தோண்டினாலும் முழுதாக எடுக்க முடியாது. கிக்குயுப் புல் மாட்டுக்கு நல்ல தீனிதான். ஆனாலும் தேயிலை ஓரத்தில், மரக்கறிப் பாத்தி ஓரத்தில் அது வேண்டாம்.

3. விதை சேர்ப்பதும் சோதிப்பதும்

கடையில் வாங்கினால் பைக்கற்றில் திகதியைப் பாருங்கள். பழைய விதை மலிவாகக் கிடைக்கும், ஆனால் முளைக்காது. 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு 100 முதல் 150 கிராம் போதும். 1000 சதுர அடிக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ.

காசு கொடுக்காமலும் விதை எடுக்கலாம். அகல இலைப் புல் பூத்துக் காய்ந்து வரும்போது பூத்தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலே உருவுங்கள். விதை இலேசாகக் கழன்று வந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். பிடிவாதமாக நின்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். சேர்த்ததை ஒரு கடதாசியில் பரப்பி நிழலில் மூன்று நாலு நாள் காய வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையோ கடதாசிப் பையோதான் நல்லது. நாம் கையால் எடுக்கும் விதையில் உமியும் சேர்ந்திருப்பதால் கடை விதையை விட இரண்டு பங்கு வேண்டும். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோசமாகச் செய்வார்கள்.

விதைக்கும் முன்னால் கட்டாயம் சோதிக்க வேண்டும். 100 விதையை எண்ணி, ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி ஒரு தட்டில் வையுங்கள். துணி காயாமல் தினமும் தண்ணீர் தெளியுங்கள். மூன்று வாரம் வரைக்கும் முளைத்ததை எண்ணுங்கள். 60க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 30 தான் என்றால் விதையை இரட்டிப்பாகப் போட வேண்டும். 10க்கும் குறைவு என்றால் அந்த விதையை நம்பி நிலத்தைக் கொத்த வேண்டாம். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. செய்யாமல் விட்டால் ஒரு பருவம் வீணாகும்.

4. எந்த மாதம்?

விதைக்கு ஈரம் வேண்டும், ஆனால் அடிமழை கூடாது. புல் நிலத்தை மூட ஏழெட்டு வாரம் ஆகும். அதைக் கணக்குப் பண்ணித்தான் நாள் பார்க்க வேண்டும்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் பெரிய மழை மே மாதத்தில் தொடங்கும். அதனால் பங்குனிக் கடைசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்ததும் விதைத்துவிட வேண்டும். தவறினால், மழை தணியும் ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் மாதத்தில் போடலாம்.

பதுளை, அப்புத்தளை, பசறைப் பக்கம் ஜூனிலிருந்து காய்ச்சல். அங்கே செப்டெம்பர் கடைசியில் முதல் மழையோடு போடுவது நல்லது.

நுவரெலியாப் பக்கம் தையிலும் மாசியிலும் உறைபனி விழும். இளம் புல் கருகும். அங்கே சித்திரைதான் நல்ல மாதம்.

5. நிலத்தைத் தயார் செய்தல்

முதல் வேலை கான். வீட்டுக்குப் பின்னாலிருந்து வரும் தண்ணீருக்கும் கூரைத் தண்ணீருக்கும் வழி செய்யாமல் விதை போட்டால், முதல் மழையிலேயே விதை பணிய வீட்டு வாசலில் முளைக்கும்.

இரண்டாவது, கல், போத்தல் துண்டு, கம்பி, பொலித்தீன் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதை மனதில் வையுங்கள்.

மூன்றாவது, முள்ளால் 4 முதல் 6 அங்குலம் ஆழத்துக்குக் குத்திக் கட்டியை உடையுங்கள். களையை வேரோடு எடுங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வீட்டு வாசலை முடிக்கலாம். ஒரு வாரம் உங்கள் வீடு, அடுத்த வாரம் பக்கத்து வீடு என்று மாறி மாறிச் செய்தால் யாருக்கும் பாரம் தெரியாது.

நாலாவது, மட்டம். வாசல் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம் போதும். தெளிவான குழாயில் தண்ணீர் விட்டு மேசன்மார் மட்டம் பார்ப்பது மாதிரி நாமும் பார்க்கலாம். தண்ணீர் தேங்கும் குழி ஒன்றும் இருக்கக் கூடாது.

ஐந்தாவது, எரு. சிவப்பு அடி மண்ணில் விதை முளைக்கும், ஆனால் தேறாது. 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு ஒரு உரச் சாக்கு நிறையச் சலித்த கூட்டெரு போட்டு மேல் மண்ணோடு கலந்துவிடுங்கள். மாட்டெருவாக இருந்தால் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்தில் களை விதையும் சேர்ந்தே வரும்.

பிறகு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். மண்ணுக்குள் ஒளிந்திருந்த களையெல்லாம் தலை காட்டும். வெயிலான ஒரு நாளில் மம்பட்டியால் மேலாகச் செதுக்கி எடுத்துவிட்டால், பின்னால் இரண்டு மாதம் முதுகு வளைத்துக் களை பிடுங்கும் வேலை பாதியாகக் குறையும்.

6. விதைப்பு

காற்று இல்லாத காலை நேரம் நல்லது. விதை கடுகை விடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரு இடத்தில் கும்பலாகவும் ஒரு இடத்தில் வெறுமையாகவும் விழும். ஆகவே ஒரு சுண்டு விதைக்கு நாலு சுண்டு காய்ந்த மணல் கலக்குங்கள். கலந்ததை இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை மேலிருந்து பணியவாக நடந்து தூவுங்கள். மற்றப் பங்கைக் குறுக்கே நடந்து தூவுங்கள்.

பிறகு ஒரு மிலாறுக் கட்டையோ விளக்குமாறோ கொண்டு இலேசாக இழுத்துவிடுங்கள். விதைக்கு மேல் கால் அங்குல மண்ணுக்கு மேல் வரக் கூடாது. ஆழத்தில் புதைந்த சின்ன விதைக்கு வெளியே வரும் பலம் இல்லை. கடைசியில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி மிதித்து, பலகையை நகர்த்தி நகர்த்தி மண்ணை அமுக்குங்கள். விதையும் மண்ணும் ஒட்டினால்தான் ஈரம் விதைக்குப் போகும்.

மேலே காய்ந்த மானாப் புல்லையோ குவாத்தமாலா இலையையோ மெல்லிசாகப் பரப்புங்கள். பாதி மண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தடிப்பாகப் போட்டால் முளை அழுகும். பூ வைத்த புல்லைப் பரப்பினால் அதன் விதையும் சேர்ந்து முளைக்கும், கவனம்.

சுற்றிவர மிலாறு குத்திக் கயிறு கட்டுங்கள். கோழி, ஆடு, மாடு, பிள்ளைகள் நாலையும் இரண்டு மாதம் வெளியே நிறுத்த வேண்டும். பிள்ளை மடுவமாக இருந்தால் முற்றத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விதைத்து மறு பாதியில் விளையாட விடுங்கள். முதல் பாதி தேறியதும் மற்றப் பாதி.

7. முதல் இரண்டு மாதம்

மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். பீலித் தண்ணீரைக் குழாயில் விட்டு அடிக்காதீர்கள், விதை ஓடிவிடும். பழைய பால்மாத் தகரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டால் அதுவே பூவாளி. தண்ணீர் தூக்குவது பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு பீலிக்கு நாலு நடை நடக்கச் சொல்வது நியாயமில்லை. வீட்டு ஆம்பிளைகளும் பெரிய பிள்ளைகளும் இதைப் பொறுப்பெடுக்க வேண்டும். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரையும் பாவிக்கலாம். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் பச்சை தெரியும். குளிர் கூடிய இடங்களில் நாலு வாரமும் ஆகலாம். அவசரப்பட்டு மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். முளைத்த பிறகு தண்ணீரைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆழமாக ஊற்றுங்கள். அப்போதுதான் வேர் கீழே போகும்.

வெறுமையாக நிற்கும் இடங்களில், பாதையோரத்திலிருந்து ஓடு தண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று நாலு கணு இருக்கும்படி வெட்டி, 6 அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். விதையும் தண்டும் சேர்ந்தால் நிலம் சீக்கிரம் மூடும்.

களையைக் கையால் பிடுங்குங்கள். மலையில் அடிக்கும் களைகொல்லியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வரவே கூடாது. அதன் வெற்றுக் கலனையும் தண்ணீர் எடுக்கப் பாவிக்கக் கூடாது.

8. வெட்டுதல்

புல் 3 அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. 2 அங்குலம் நிற்க வேண்டும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டையாக வெட்டினால் வேர் பலம் இழக்கும். கத்தி கூராக இருக்கட்டும். மொட்டைக் கத்தி இளம் புல்லை வேரோடு இழுத்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போது வெட்ட வேண்டாம். வெட்டிய புல்லைக் கூட்டெருக் குழியில் போடுங்கள். உயரமாக வளர விட்டால் அட்டையும் பாம்பும் வரும் என்பதால், மழைக்காலத்தில் மாதம் இரண்டு தடவையாவது வெட்ட வேண்டும்.

மரக்கறிப் பாத்திக்கும் புல்லுக்கும் இடையில் ஒரு அடி வெறும் மண் விட்டு, மாதம் ஒரு தடவை மம்பட்டியால் ஓரம் செதுக்குங்கள். கானுக்குள் புல் இறங்க விடாதீர்கள்.

9. புல்லால் முடிந்ததும் முடியாததும்

வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்ணில் விதை நிற்காது. சாதாரணச் சரிவு என்றால், குறுக்கே மட்டமாகச் சின்னக் கோடுகள் கீறி அதில் விதை போடலாம். அதை விடச் சரிவு கூடினால் வெட்டிவேர் அல்லது மானாத் தூர்களை வரிசையாகக் குறுக்கே நட வேண்டும். வெட்டிவேரின் வேர் நேர் கீழே 6 அடிக்கு மேலும் இறங்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். புல் மேல் மண் கரைவதைத் தடுக்கும். மலை சரிவதைத் தடுக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி ஆழத்தில் அசையும் மண்ணை எந்தப் புல்லும் பிடிக்காது.

ஆகவே மழைக்காலத்தில் இவற்றைக் கவனியுங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரமும் மின்கம்பமும், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, ஓடிய ஊற்று சட்டென்று நிற்பது. இதில் ஒன்றைக் கண்டாலும், புல் போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று இருக்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பிறகு தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கலாம். அந்த வெடிப்பைச் சோதித்துச் சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். நம்ம கண் மதிப்பு அதற்குப் போதாது.

10. அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"எங்க வாசல்ல எது போட்டாலும் வராதுங்க, என்ன செய்யிறது?"
நாள் முழுக்க மிதிபடும் நடைபாதையில் எந்தப் புல்லும் வராது. அந்த இடத்துக்குக் கல் பதியுங்கள். மிச்ச இடத்தில் புல் வரும்.

"மரத்துக்கு அடியில முளைச்சு முளைச்சுச் சாகுதே?"
நிழல் கூடிவிட்டது. தாழ்ந்த கிளையைக் கழித்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அங்கே காய்ந்த இலையைப் பரப்பி மண்ணை மூடுங்கள். மண் மூடியிருப்பதுதான் முக்கியம்.

"தேயிலைக்குப் போடுற உரத்தை அள்ளிப் போடலாமா?"
வேண்டாம். இளம் புல் கருகும். அது தோட்டத்து உரமும் கூட. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சலித்த கூட்டெரு தூவினால் போதும்.

11. கூடிப் பேசிப் பார்க்க

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, கீழே உள்ளவற்றைப் பேசுங்கள்.

அ. நம்ம லயத்தில் எந்த இடத்து மண் கூடுதலாக ஓடுகிறது? அடுத்த மழையில் குடை பிடித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த நிறத்தில் ஓடுகிறது?

ஆ. 100 விதையில் 40 முளைத்தால், 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு எவ்வளவு விதை கூட்டிப் போடுவீர்கள்?

இ. விதை போட்ட இரண்டு மாதமும் தண்ணீர் ஊற்றுவது யார், வேலியைப் பார்ப்பது யார்? பெயரை எழுதிப் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ஈ. வீட்டுக்குப் பின்னால் வெடிப்புக் கண்டால் இரவில் எந்த வழியாக, எங்கே போவோம்?

முழு வாசலையும் ஒரே தடவையில் செய்ய முடியாத குடும்பங்கள், கூரைத் தண்ணீர் விழும் ஓரத்தில் 10 அடிக்கு 10 அடி மட்டும் இந்தப் பருவத்தில் செய்து பாருங்கள். அத்திவாரத்துக்குக் கிட்ட இருக்கும் மண்தான் முதலில் காப்பாற்ற வேண்டிய மண். அங்கே புல் பிடித்துவிட்டால் மிச்ச இடத்துக்கு வேண்டிய ஓடு தண்டும் விதையும் உங்கள் வாசலிலேயே கிடைக்கும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கூடை கொடுக்கலாம்.